திண்ணையில் எத்தனை பிள்ளைகள்?

நடவு நாளென்றால் டெல்டா கிராமங்களில் விடிவதற்கு முன்பே வீடு காலியாகிவிடும். ஆண்கள் நாற்று முடி தூக்கப் போவார்கள். பெண்கள் வரிசை பிடித்து வயலில் இறங்குவார்கள். மிச்சம் இருப்பது பிள்ளைகள்தான். பால்குடி மறக்காத பிள்ளை தாயோடு வரப்புக்குப் போகும். பூவரசங்கிளையில் பழைய சேலையைக் கட்டித் தூளி போட்டுவிடுவார்கள். நடக்கத் தெரிந்த பிள்ளை வாய்க்கால் ஓரத்தில் விளையாடும். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளை யார் வீட்டுத் திண்ணையிலாவது விட்டுவிட்டு ஓடுவார்கள். அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்குள் ஒரு மா நடவு முடிந்திருக்கும்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படிப்பட்ட திண்ணைக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியம்மா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலி வந்து வயலில் குனிய முடியாமல் போனதிலிருந்து, நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் ஐந்து பிள்ளைகள் இருக்கும், ஒரு நாள் பதினைந்து இருக்கும். கணக்கு வைத்ததில்லை. கூலி வாங்கியதும் இல்லை. அறுவடை முடிந்தால் ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் கொண்டுவந்து கொட்டுவார்கள், அவ்வளவுதான்.

பெரியம்மாவின் ஒரே மகள் கலிபோர்னியாவில் ஃப்ரிமான்ட் நகரத்தில் இருக்கிறார். அவருக்குக் குழந்தை பிறந்தபோது, சம்பா அறுவடை முடிந்த கையோடு பெரியம்மா விமானம் ஏறினார். பார்வையாளர் விசாவில் போகிறவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் வரைதான் தங்க அனுமதி கிடைக்கும். மாசியில் போனவர் ஆடியில் திரும்ப வேண்டும். ஆடி பிறந்தால் சி.ஆர்.1009 நாற்றங்கால் வேலை காத்திருக்கும். மகளுக்கோ அதற்குள் விடுப்பு முடிந்து வேலைக்குப் போக வேண்டும். அம்மா கிளம்பிய மறுநாளிலிருந்து குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி அந்த வீட்டில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

கார்கள் வந்து நிற்கும் வீடு

மகள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டு வாசலில் தினமும் காலை ஏழரை மணிக்குக் கார்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு பிள்ளை இறங்கும். மாலையில் மறுபடியும் கார்கள் வரும். ஏதோ விசேஷ வீடு என்றுதான் பெரியம்மா முதலில் நினைத்தார். தினமும் விசேஷமா என்று மகளிடம் கேட்டார்.

"விசேஷம் இல்லம்மா. பிள்ளைங்கள பாத்துக்கிற வீடு. நீ நடவு நாள்ல திண்ணையில பாத்துக்குவியே, அது மாதிரி. ஆனா இங்க லைசென்ஸ் வேணும்."

தன் வீட்டுத் திண்ணைக்கு லைசென்ஸா என்று பெரியம்மா சிரித்தார். ஆனால் மகள் தன் குழந்தைக்கும் அந்த வீட்டில்தான் இடம் சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் அந்த ஊர் நடைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிராமக் கணக்கில் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று நிலம் வகை பிரித்திருப்பதை விவசாயிகள் அறிவார்கள். நத்தத்தில் வீடு கட்டலாம், நஞ்சையில் கட்ட வேண்டுமானால் அனுமதி வேண்டும். அமெரிக்க நகரங்களிலும் இப்படி ஒரு வகைப்பாடு உண்டு. எந்தத் தெரு குடியிருப்புக்கு, எது கடைகளுக்கு, எது தொழிற்சாலைக்கு என்று நகராட்சி வரைபடம் போட்டு வைத்திருக்கும். குடியிருப்பு என்று குறித்த தெருவில் நினைத்தபடி தொழில் நடத்த முடியாது.

அப்படியானால் ஒரு பெண் தன் வீட்டில் பத்துப் பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டால் அது தொழிலா, குடும்பமா? அந்த வீடு கடையா, வீடா? அந்த மாநிலத்தில் பல ஆண்டுகள் இழுபறியாக இருந்தது இந்தக் கேள்விதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கலிபோர்னியாவில் வீட்டுக் குழந்தைக் காப்பகம் இரண்டு வகை. சிறியதில் 6 பிள்ளைகள் வரை பார்க்கலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் அதில் இருந்தால் 8 வரை போகலாம். பெரியதில் 12 பிள்ளைகள் வரை, பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் 14 வரை அனுமதி. ஆனால் கூடவே ஓர் உதவியாள் இருக்க வேண்டும். காப்பாளரின் சொந்தப் பிள்ளைகள் பத்து வயதுக்குள் இருந்தால் அவர்களும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கைக்குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. சிறிய வீட்டில் 6 பேர் இருந்தால் அதில் கைக்குழந்தை 3-க்கு மேல் கூடாது. பெரிய வீட்டில் 12 பேர் இருந்தால் 4-க்கு மேல் கூடாது. உரிமம் கொடுப்பது நகராட்சி அல்ல, மாநில சமூக சேவைத் துறை. ஒரே ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொள்வதானால் உரிமம் வேண்டாம்.

சிறிய காப்பகம் வீட்டுப் பயன்பாடுதான் என்று மாநிலச் சட்டம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. பெரியதற்குத்தான் சிக்கல். அதற்கு நகராட்சியின் தனி அனுமதி தேவைப்படலாம். இரண்டு காப்பகங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், கார் எங்கே நிறுத்துவது, சத்தம் எவ்வளவு என்று நகராட்சிகள் நிபந்தனை போட முடிந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் போகும். ஆட்சேபம் வந்தால் விசாரணை, கட்டணம், காத்திருப்பு. பெண்கள் பலர் எதற்கு வம்பு என்று 8 பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பக்கம் இடம் கிடைக்காத தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள்.

2019-ல் மாநிலச் சட்டமன்றம் எஸ்.பி.234 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. 2020 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி பெரியதும் சிறியதும் இரண்டுமே வீட்டுப் பயன்பாடுதான். இதற்கென்று நகராட்சி தனி அனுமதி கேட்கக் கூடாது, தொழில் உரிமக் கட்டணமும் வாங்கக் கூடாது. குடியிருப்போர் சங்கம் தன் விதியைக் காட்டித் தடுக்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவரும் நடத்தலாம். தொடங்குவதற்கு 30 நாள் முன்னதாக வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுச் சூழலில், வீடுகள் இருக்கும் தெருவில் வளர வேண்டும் என்பதே இந்தச் சட்டத்தின் அடிப்படை.

சங்கத்திலிருந்து வந்த கடிதம்

சட்டம் இருந்தாலும் தெருவில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வைகாசி வாக்கில் அந்தக் காப்பக வீட்டுக்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலையில் கார்கள் வழியை மறிக்கின்றன, பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், குடியிருப்புப் பகுதியில் தொழில் நடத்தக் கூடாது, உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

செய்தி கேட்டு மகள் ஆடிப்போனார். ஊருக்குத் திரும்பப் பெரியம்மாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. வேறு காப்பகங்களில் கைக்குழந்தைக்கு இடமில்லை. இந்த வீடும் மூடிவிட்டால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீட்டுக் கடன் கட்ட முடியாது. பெரியம்மாவோ, "நாத்தங்கால் போனா போவுது, நான் இருந்துட்டுப் போறேன்" என்றார். விசா அதற்கு இடம் கொடுக்காது என்று மகள் சொன்னபோது, அவருக்கு முதல் முறையாக அந்த நாட்டின் மேல் கோபம் வந்தது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டிக்கு அனுமதி இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கும் அனுமதி இல்லை என்றால் பிள்ளையை யார்தான் பார்ப்பது?

காப்பகம் நடத்தும் பெண் பயப்படவில்லை. சட்டத்தின் நகலையும் தன் உரிமத்தின் நகலையும் சேர்த்துச் சங்கத்துக்குப் பதில் அனுப்பினார். அதோடு நிறுத்தவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசினார். பிள்ளைகளைக் கொண்டுவிடும் நேரத்தைக் கால் மணி கால் மணியாகப் பிரித்துக் கொடுத்து, எதிர்வீட்டு வாசலில் யாரும் கார் நிறுத்தக் கூடாது என்று பெற்றோரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தெருவில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருக்கிற சத்தம், வாகன விதிகள் அவர் வீட்டுக்கும் உண்டு. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகத் தனி விதி போட முடியாது என்பதுதான் சட்டம். இரண்டு வாரத்தில் பிரச்சினை அடங்கியது.

எதிர்வீட்டுக்காரர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. வயசான காலத்தில் காலைத் தூக்கம் கெட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஆனால் அந்த எரிச்சலுக்கு மருந்து கார் நிறுத்தும் இடத்தை மாற்றுவதுதான், பன்னிரண்டு தாய்மார்களின் வேலையைப் பறிப்பது அல்ல.

உள்ளே போய்ப் பார்த்தபோது

பெற்றோர் எந்த நேரத்திலும், முன்கூட்டிச் சொல்லாமல் காப்பகத்துக்குள் போய்ப் பார்க்கலாம். அந்த மாநிலத்தில் அது பெற்றோரின் உரிமை. அதிகாரிகளும் சொல்லாமல் வருவார்கள். மகள் ஒரு நாள் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார்.

பதினொரு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். தீயணைப்புக் கருவியும் புகை வந்தால் ஒலிக்கும் மணியும் சுவரில் இருந்தன. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி இல்லை என்று சரிபார்க்கப்பட்டிருந்தார்கள். முதலுதவிப் பயிற்சி கட்டாயம். பின்புறம் இருந்த நீச்சல் குளத்தைச் சுற்றி ஐந்தடி உயர வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. கைக்குழந்தைகள் தனித்தனித் தொட்டிலில் மல்லாந்து படுத்திருந்தன. தலையணை இல்லை, போர்வை இல்லை, பொம்மை இல்லை. தூக்கத்தில் மூச்சு முட்டிவிடக் கூடாது என்பதற்காக. கால் மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு குழந்தையையும் பார்த்து நோட்டில் குறித்துவைத்தார்கள்.

இதெல்லாம் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிந்தது. பிள்ளை வளர்க்க நோட்டு எதற்கு என்று மகளிடம் முணுமுணுத்தார். சமையல்கட்டுக்குப் போனதும் பேச்சு நின்றுவிட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஓர் அலமாரி. அதற்குப் பூட்டு. உள்ளே என்ன என்று கேட்டார். தரை துடைக்கும் மருந்து, எறும்பு மருந்து. விஷப் பொருள் எதுவானாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்பது விதி.

பெரியம்மாவின் ஊரில் சில வருடங்களுக்கு முன் நாலு வயதுப் பையன் ஒருவன், களைக்கொல்லி ஊற்றி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டான். திருவாரூர் கொண்டுபோனார்கள், தஞ்சாவூர் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளை அன்றைக்குப் பெரியம்மா திண்ணையில் இருந்திருக்க வேண்டியவன். திண்ணையில் கூட்டம் அதிகம் என்று தாய் அவனை வயலுக்கே அழைத்துப் போய்விட்டார். யாரும் பெரியம்மாவைக் குறை சொன்னதில்லை. அவருடைய வீட்டிலும் அதே மருந்து, அதே மாதிரி பாட்டிலில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது என்பது அந்தப் பூட்டைப் பார்த்தபோதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

விதி எங்கே இருக்க வேண்டும்?

அங்கே பல ஆண்டுகளாக நடந்த தவறு, விதியைத் தெருவில் வைத்தது. இந்த வீடு இங்கே இருக்கலாமா, அடுத்த வீட்டுக்காரர் ஒப்புகிறாரா, கார் எங்கே நிற்கும் என்று வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் விதியை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். பிள்ளை பார்க்கிற வீடு எந்தத் தெருவில் வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்ளே பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றார்கள்.

டெல்டா கிராமங்களில் கதை வேறு. திண்ணையில் பிள்ளை பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. எதிர்வீட்டுக்காரர் கடிதம் எழுதுவதில்லை. அதே சமயம் திண்ணையில் எத்தனை பிள்ளைகள், கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்பதற்கும் ஆள் இல்லை. தடை இல்லாததையே பாதுகாப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

விதியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. பிள்ளை பார்ப்பதும் வேலைதான், அதற்கும் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்ட சட்டம் அது. ஆனால் அது நூறு நாள் வேலைத்தளத்துக்கு மட்டும். தனியார் வயலில் நடவு நடும் பெண்ணின் பிள்ளைக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

ஆடியில் நடந்தது

ஊர் திரும்பிய பெரியம்மா முதலில் பழைய தகரப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். வீட்டில் இருந்த பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து அத்தனையையும் அதில் போட்டுப் பூட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் ஏற்றச் சொன்னார். கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"அவசரத்துக்கு மருந்தடிக்கப் போறப்ப சாவிய எங்க தேடுறது?"

"சாவிய தேடலாங்க. பிள்ளைய தேட முடியாது."

அதற்குமேல் அவர் பேசவில்லை. மிச்ச மருந்தை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டார். மருந்து டப்பாவில் முக்கோணம் சிவப்பானால் கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். ஆனால் பச்சை போட்டிருந்தாலும் பிள்ளை வாயில் வைத்தால் அது விஷம்தான். மருந்தடித்துவிட்டு வந்த உடையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட வேண்டும், தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து கொல்லைக் கிணறு. மேலே இரும்புக் கம்பி வலை போட்டு மூடினார்கள். பக்கத்துப் பண்ணைக்குட்டையைச் சுற்றி மூங்கில் பிளாச்சில் இடுப்பு உயரத்துக்கு மேல் வேலி கட்டினார்கள். வைக்கோல் போரைத் திண்ணையிலிருந்து தள்ளிப் போட்டார்கள், பாம்பு அடையும் என்பதால். திண்ணைச் சுவரில் 108 என்று கரியால் பெரிதாக எழுதினார்கள். பிள்ளையை விட்டுப் போகிற தாயின் செல் நம்பரையும், எந்த வயலில் நடவு என்பதையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார் பெரியம்மா. ஃப்ரிமான்டில் முணுமுணுத்த அதே நோட்டு.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மனு கொடுத்தார். நடவுக் காலத்தில் அங்கன்வாடியைச் சீக்கிரம் திறக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்த மத்திய அரசின் பால்னா திட்டம் இருக்கிறது, அதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் தீர்மானத்தில் ஏறின. நடக்க நாளாகும். அதற்குள் நடவு வந்துவிட்டது.

ஏழாவது பிள்ளை

முதல் நடவு நாளன்று ஆறு பிள்ளைகள் வந்தன. அதில் இரண்டு கைக்குழந்தைகள். ஏழாவதாக ஒரு பெண் தன் மூன்று வயது மகனைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கினாள். பெரியம்மா முடியாது என்றார்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. "காலங்காலமா விட்டுட்டுப் போற திண்ணைதானே பெரியம்மா. அமெரிக்கா போயிட்டு வந்ததும் சட்டம் பேசுறீங்களே. இன்னிக்கு நடவுக்குப் போவலன்னா கூலி போயிடும்."

வார்த்தை சுருக்கென்று தைத்தது. கூலி போய்விடும் என்பது உண்மைதான். பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அது எங்கே போகும் என்பதும் பெரியம்மாவுக்குத் தெரியும். தாயோடு வரப்புக்குத்தான் போகும். கூட்டம் அதிகம் என்று ஒரு முறை வரப்புக்குப் போன பிள்ளையை அவர் மறக்கவில்லை. அதற்காக எட்டு, பத்து என்று சேர்த்துக்கொண்டே போனால் திண்ணையிலும் அதேதான் நடக்கும்.

நாலு வீடு தள்ளி ஒரு விதவைப் பெண் இருந்தார். கண் நன்றாகத் தெரியும், கை கால் திடமாக இருந்தது. கால் தடுமாற்றத்தால் சேற்றில் மட்டும் இறங்க முடியாது. பெரியம்மா அந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து உட்காரும்வரை அந்தப் பெண்ணைப் போக விடவில்லை. பிறகு தாய்மார்கள் எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நடவு முடியும்வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று போட்டு, இரண்டு பேருக்கும் கூலி. மரக்கால் நெல் வேறு, அது மரியாதை.

அன்று மாலை, மறுநாளைக்குப் பிள்ளையைக் கொண்டுவரலாமா என்று வேறு தெருவிலிருந்து ஒரு பெண் வந்து கேட்டாள். பெரியம்மா நோட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு ஆறு பிள்ளைதான் ஆயி. நாங்க ரெண்டு பேரு இருக்கோம். பதினொண்ணு ஆயிருக்கு. உன் பிள்ளைக்கு இடம் இருக்கு, கொண்டா. பதிமூணாவது பிள்ளை வந்தா, மூணாவது ஆள நீங்க பாத்துக் குடுங்க."